அடுக்களையும் ஆலயமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே "சைவம்" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சமயம், மற்றது சாப்பாடு. "இன்றைக்கு எங்கள் வீட்டில் சைவம்" என்று அயல்வீட்டாருக்குச் சொல்லும் இல்லத்தரசி தன் சமயக் கோட்பாட்டை விளக்கவில்லை. இன்று மீன் வாங்கவில்லை என்பதையே தெரிவிக்கின்றாள். கிறிஸ்தவர்களை "வேதக்காரர்" என்று குறிப்பிடும் முதியவர்களும் அச்சொல்லோடு அவர்கள் வீட்டுச் சமையலைச் சேர்த்தே நினைப்பது வழக்கம். சமயத்தைக் கோவிலிலும் தேவாலயத்திலும் தேடுவோர் பலர். ஆயினும் நம்மவரிடையே அது நாள்தோறும் குடியிருக்கும் இடம் அடுக்களையே.

இதனை இங்கு எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. முன்னர் என்னிடம் கல்வி பயின்று இப்பொழுது ஓர் அலுவலகத்திற் கடமையாற்றும் பெண்ணொருத்தி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தாள். சைவக் குடும்பத்திற் பிறந்தவள். தந்தையார் காலமாகிவிட்டார். முதுமையடைந்த தாயாருக்கு வீட்டுச் சமையலை அவளே செய்து கொடுக்கின்றாள். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு தோறும் ஒரு திருச்சபையின் ஆராதனைக்குப் போய் வருகின்றாளாம். அங்கே மனத்துக்கு ஆறுதல் கிடைக்கின்றது. ஞானஸ்நானம் பெறுவதற்கு ஆயத்த வகுப்பில் சேரலாமே என்று போதகர் கேட்டிருக்கின்றார். ஆம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "கோவிலா, தேவாலயமா என்பது கூட எனக்கு இரண்டாவது கேள்விதான், சேர். வெள்ளிக்கிழமை எந்தச் சட்டியை அடுப்பில் வைப்பது? ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு யார் சமைப்பது? இவற்றுக்கு விடை தெரிந்தால் மற்றதற்கும் விடை தெரிந்துவிடும் போல இருக்கிறது" என்பது அவள் எழுதிய வாசகம்.

இக்கேள்வி அவளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு வீடு மறைவாக இருந்து வருவது, வெளியே பேசப்படாதது. ஆகவே இக்குடும்பப் பகுதியில் அதனைப் பகிரங்கமாக ஆராய்வது தகும்.

சமையலுக்குள் இருக்கும் நாட்காட்டி

சைவ இல்லமொன்றின் ஓராண்டுச் சமையலைச் சிறிது எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடுப்படி மெழுகப்படும் அல்லது கழுவப்படும். மச்சம் காய்ச்சிய சட்டி ஒரு மூலைக்குப் போகும். சைவச் சட்டி அடுப்பேறும். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரைக்கடையல், வாழைக்காய்ப் பொரியல் என்று அன்றைய உணவு அமையும். தைப்பொங்கலன்று முற்றத்திலே சூரியனுக்குப் புக்கை பொங்கும். ஆடி முதல் நாள் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்ந்த ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் உண்டு. கந்தசஷ்டியின் 6 நாளும், கேதாரகௌரி விரதத்தின் 21 நாளும் அடுக்களையின் போக்கையே மாற்றிவிடும். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. அன்றைக்குக் காத்தோட்டிக்காய் பொரிப்பதற்காகச் சந்தையெல்லாம் தேடித் திரிபவர்களை நாம் அறிவோம். படைத்தபின் காகத்துக்கு வைத்து, அது உண்ட பின்னரே வீட்டார் உண்பர்.

இவை அனைத்தையும் செய்பவர் யார்? பெரும்பாலும் பெண்களே. ஓர் ஆண்மகன் சமயம் மாறினால் அவன் ஞாயிற்றுக்கிழமை போகும் இடம் மாறுகின்றது. வீட்டுச் சமையலைத் தாங்கும் பெண் மாறினாலோ ஆண்டு முழுவதற்குமான ஒரு நாட்காட்டி மாற வேண்டியிருக்கின்றது. "மனம் மாறினாற் போதுமே, சாப்பாட்டில் என்ன இருக்கிறது?" என்று எளிதாகச் சொல்லும் ஆடவர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுபுறம், கிறிஸ்தவ இல்லத்துச் சமையல் வேற்று நாட்டுச் சமையலன்று. அதே புட்டு, அதே இடியப்பம், அதே சொதி, அதே முருங்கைக்காய்க் குழம்பு. நத்தாருக்கு அயல்வீடுகளுக்குப் போகும் தட்டில் கேக்கோடு பயற்றம் பணியாரமும் முறுக்கும் இருக்கும். சைவ வீட்டுக்குக் கொடுக்கும் தட்டில் மச்சம் வைக்கலாகாது என்பது கிறிஸ்தவ வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். கத்தோலிக்கரிடம் வெள்ளிக்கிழமையில் இறைச்சியைத் தவிர்க்கும் பழைய மரபு உண்டு. ஆனால் மீன் அவர்களுக்கு விலக்கன்று. தவக்காலத்தில் ஒறுத்தலும் நோன்பும் உண்டு. ஆக, இரு வீட்டாருக்கும் வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குரிய நாளே. சட்டிக்குள் மீன் இருக்கலாமா என்பதிலேயே வேறுபாடு.

வட்டுக்கோட்டையில் ஒரு சமையற்கூடம்

இந்தக் குழப்பம் இன்று நேற்று உண்டானதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி ஆரம்பமாயிற்று. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் தமிழும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. நம் பெரியோர் தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பினர். ஆனால் கிறிஸ்தவ வளவிலே சமைத்த சோற்றைப் பிள்ளைகள் உண்ணலாகாது என்றனர். ஆகவே ஆரம்பத்தில் மாணவர்கள் மிஷன் வளவிலே படித்தும் உறங்கியும் வந்தார்களாயினும், அவர்களுக்கான சமையல் அயலிலிருந்த சைவருடைய காணியிலேயே நடைபெற்றது. வேதாகமம் கேட்கலாம், அங்கு வடித்த கஞ்சி குடிக்கலாகாது! சாதிக் கட்டுப்பாடும் சமயக் கட்டுப்பாடும் ஒரே பானைக்குள் கிடந்த காலம் அது. அவ்விரண்டையும் பிரித்தறியாது பாதுகாத்தவர்கள் சமயத்துக்கு நன்மை செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையைப் பற்றியும் வழிவழியாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகின்றது. மழையில் அகப்பட்டு வீடு திரும்ப முடியாத சிறுமிகள் மிஷன் இல்லத்திலே தங்கி, பசி பொறுக்காமல் அங்கே சோறு உண்டனராம். செய்தி அறிந்த பெற்றோர், "உங்கள் வீட்டில் உண்டுவிட்டார்கள், இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றனராம். கதையின் விவரங்கள் சொல்வோருக்கேற்ப மாறலாம். ஆனால் அக்காலத்தார் மனத்தில் ஒரு பிடி சோறு எவ்வளவு பெரிய எல்லைக்கோடாக இருந்தது என்பதை அது காட்டுகின்றது.

மிஷன் விடுதிகளிலே உணவும் உடையும் இலவசமாகக் கிடைத்தன. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்கள் மாணவர்களுக்குச் சூட்டப்பட்டன. உடுவிலிற் கற்று மணம் புரிந்த பெண்களுக்குச் சிறு சீதனமும் கொடுக்கப்பட்டது. இதனாலேயே "சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்" என்னும் ஏளனம் பிறந்தது. அந்த ஏளனத்தில் ஒரு சிறு பகுதி உண்மை, பெரும்பகுதி அநீதி. பசித்த பிள்ளை சோறு உண்டது என்பதால் அதன் வழிபாடு பொய்யாகிவிடாது. அக்குடும்பங்கள் பலவற்றிலே நான்கு, ஐந்து தலைமுறைகளாக உறுதியான பக்தி நிலைத்து வந்திருக்கின்றது.

அதே வேளையில், அச்சோற்றை உண்டவரெல்லாம் கிறிஸ்தவராகவும் இல்லை. செமினரி 1855 இல் மூடப்பட்டதற்குரிய காரணங்களுள், அங்கு பெற்ற ஆங்கிலக் கல்வி எதிர்பார்த்த அளவு சமயப் பயனைத் தரவில்லை என்னும் மனக்குறையும் ஒன்று. சிறுப்பிட்டியிலே கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, வட்டுக்கோட்டையிற் கற்று, 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகவே வாழ்ந்தார். ஆறுமுக நாவலரோ வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்காகத் துணைபுரிந்தவர். வேதாகமத்தை அவரைப் போல நுணுகிக் கற்ற சைவர் அரியர். இருந்தும் அவர் தம் சமயத்தில் அணுவளவும் அசையாது, 1848 இல் அப்பணியை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவரும் அடுப்பின் அருமையை அறிந்தவரே. 1876, 1877 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்.

ஆகவே வரலாறு நமக்குக் காட்டுவது இது: எந்தப் பானையில் உண்டான் என்பதைக் கொண்டு ஒருவன் எதை நம்புகின்றான் என்பதைச் சொல்லிவிட முடியாது.

ஆதித் திருச்சபையில் எழுந்த வழக்கு

உணவைப் பற்றிய கலக்கம் சைவ வீடுகளிலிருந்து தேவாலயத்துக்குள் நாம் கொண்டுபோன பொருள் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அச்சபை எதிர்கொண்ட முதற் பெருஞ் சிக்கல்களுள் சாப்பாட்டுச் சிக்கலும் ஒன்று. எருசலேமிற் கூடிய மூப்பர்கள், புறச்சாதியாரிலிருந்து சேர்வோர் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றையும் இரத்தத்தையும் தவிர்க்க வேண்டும் எனத் தீர்மானித்தனர். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது அதே பொருளை மேலும் நுட்பமாக ஆராய்ந்தார். சந்தையில் விற்பதை விசாரியாமல் வாங்கி உண்ணலாம். அயலவன் விருந்துக்கு அழைத்தால் இலையில் இட்டதை உண்ணலாம். ஆனால் பலிபீடத்தின் பந்தியிற் பங்குகொள்வது வேறு விடயம் என்பது அவர் கண்ட பாகுபாடு. தான் உண்பது மற்றொருவனுடைய மனச்சாட்சிக்கு இடறலாகுமானால் அந்த இறைச்சியையே விட்டுவிடுவதாகவும் அவர் கூறுகின்றார். ரோமருக்கு எழுதிய நிருபத்திலோ, மரக்கறி மாத்திரம் உண்பவனை எல்லாம் உண்பவன் இகழக்கூடாது. எல்லாம் உண்பவனை மரக்கறி உண்பவன் குற்றவாளியாகத் தீர்க்கவும் கூடாது என்று புத்தி சொல்கின்றார். நம் ஊருக்கென்றே எழுதினாற்போல் இருக்கின்றதன்றோ!

தமிழ்நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. 1606 இல் மதுரைக்கு வந்த ரொபேர்ட்டோ டி நொபிலி என்னும் தத்துவ போதகர் இறைச்சியை விலக்கினார். சோறும் பாலும் மரக்கறியும் உண்டார். சமையலுக்குப் பிராமணர் ஒருவரை அமர்த்தினார். உள்ளூர் வழக்கங்களுக்கு எவ்வளவு இடங்கொடுக்கலாம் என்பதைப் பற்றி ரோமாபுரி வரைக்கும் வாதம் போயிற்று. 1744 இல் பாப்பரசர் கடுமையான கட்டளை பிறப்பித்தார். அவ்வழக்கங்களுக்கு எதிராகக் குருமார் செய்ய வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940 இலேயே நீக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு குருமாரும் பாப்பரசர்களும் தீர்க்க முடியாதிருந்த வழக்கை ஓர் இளம்பெண் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையிலே தனியே நின்று தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மொனிக்கா அம்மையாரின் கூழ்

இன்னும் ஒரு வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. மேற்குத் திருச்சபையின் பேராசான்களுள் ஒருவராகிய அகுஸ்தீன் 354 இல் வட ஆபிரிக்காவிற் பிறந்தார். தாயார் மொனிக்கா கிறிஸ்தவர். தந்தையார் நெடுங்காலம் அச்சமயத்துக்குப் புறம்பானவர். குழந்தையாயிருந்தபோதே அகுஸ்தீனுக்கு நாவில் உப்பிடும் சடங்கு நடந்தது. அதனால் அவர் திருச்சபையின் மாணாக்கராக எண்ணப்பட்டார். ஆயினும் அவர் ஞானஸ்நானம் பெற்றது 387 ஆம் ஆண்டின் ஈஸ்ரர் பெருவிழாவிலேயே. அப்போது அவருக்கு வயது 32. அதுவரையில் அவர் மற்றொரு சமயத்தை ஆராய்ந்தார், ஐயவாதத்தில் ஆழ்ந்தார், மிலான் நகரத்திலே அம்புரோஸ் ஆயரின் பிரசங்கங்களைக் கேட்டும் வாசலிலேயே நின்றார்.

மகனுக்காகக் கண்ணீர் வடித்த அத்தாயாருக்கும் சமையல் சம்பந்தமான ஒரு சோதனை வந்தது. ஆபிரிக்க வழக்கப்படி, அவர் புனிதரின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சைரசமும் எடுத்துச் சென்று படைப்பதுண்டு. மிலானிலே வாயிற்காவலன் தடுத்துவிட்டான். அது இறந்த முன்னோருக்குப் படைக்கும் பழைய வழக்கத்தை ஒத்திருந்தமையால் அம்புரோஸ் அதனை விலக்கியிருந்தார். மொனிக்கா அம்மையார் வாதாடவில்லை. கூடையைத் திருப்பிக் கொண்டுபோய், அதன்பின் பிரார்த்தனையைக் கல்லறைக்கும் உணவை ஏழைகளுக்கும் கொண்டுசென்றார். இதனை மகனாரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கின்றார்.

ஆடி அமாவாசையைப் பற்றிக் கலங்கும் நம் பெண்கள் இந்நிகழ்ச்சியை அறிவது நன்று. பிதிரருக்கு உணவளிக்கும் அன்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. அந்த அன்பு எவ்வழியாற் செல்லலாம் என்பதிலேயே சமயங்கள் வேறுபடுகின்றன.

பழைய திருச்சபையிலே ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோர் மூன்று ஆண்டு வரை கற்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் வேதவாசகத்தையும் பிரசங்கத்தையும் கேட்கலாம். திருவிருந்து ஆரம்பிக்குமுன் வெளியே போய்விட வேண்டும். அங்கும் இறுதி எல்லையாய் இருந்தது ஒரு பந்தியே! எனினும், தீர்மானம் செய்யாதவர்களுக்கு அச்சபை ஓர் இடமும் ஒரு பெயரும் கொடுத்து வைத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை.

தயக்கம் எத்தகையது?

தயங்குபவர்களைக் கோழைகள் என்று இரு பக்கத்தாரும் ஏசுவதுண்டு. உண்மையில் தயக்கம் ஒரே வகையினதன்று. குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல் வகை, உண்மை எது என்று இன்னும் தெளியாத தயக்கம். இது நேர்மையானது. இதற்கு மருந்து படிப்பும் பிரார்த்தனையும் காலமுமே. இரண்டாவது, உள்ளத்தில் தெளிவு பிறந்தும் வீட்டாருக்கு அஞ்சும் தயக்கம். இதற்கு மருந்து மனந்திறந்த பேச்சு. மூன்றாவது, கோட்பாட்டில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் அங்குள்ள இசையும் தோழமையும் ஆறுதலும் பிடித்திருக்கின்றன என்னும் நிலை. இதிலும் குற்றமில்லை. ஆனால் தோழமைக்காக ஞானஸ்நானம் பெறுவது, விருந்து நன்றாயிருந்தது என்பதற்காக அவ்வீட்டிலே கலியாணம் செய்வதை ஒக்கும்.

தன் தயக்கம் எவ்வகையது என்று அறிய ஒருவர் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்கலாம். நாளைக்கே வீட்டார் அனைவரும் சம்மதித்துவிட்டால், மறுநாள் நான் ஞானஸ்நானம் பெறுவேனா? அங்குள்ள நண்பர்கள் எல்லோரும் அடுத்த மாதம் வேறூருக்குப் போய்விட்டால், நான் தனியே அத்தேவாலயத்துக்குப் போவேனா? இவற்றுக்கு வரும் விடையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை; தமக்குத் தெரிந்தாற் போதும்.

சைவனாகிய நான் இன்னுமொன்றையும் கேட்பேன். தாய்வீட்டுச் சமயத்தை எவ்வளவு கற்றாய்? வெள்ளிக்கிழமை மச்சம் சமையாதிருப்பதே சைவம் என்று எண்ணி, அதனோடு நின்றுவிட்டவர்கள் நம்மிடையே அநேகர். நற்செய்தி நூல்களைப் படிக்கும் கவனத்தோடு தேவாரத்தையும் திருவாசகத்தையும் ஒரு முறையேனும் படித்தபின், மெய்கண்ட சாத்திரம் உயிரையும் இறைவனையும் பற்றி என்ன கூறுகின்றது என்று ஒருவரிடம் கேட்டறிந்தபின், போவதா நிற்பதா என்று தீர்மானிப்பது அறிவுடைமை. அறியாமல் விட்டுப் போவதும், அறியாமற் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒன்றே. அச்சத்தினால் மட்டும் சைவராயிருப்பவரால் சைவத்துக்குப் பெருமையில்லை.

இலங்கை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், தாம் விரும்பும் மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரம் ஆகியவற்றை வழங்குகின்றது. சட்டம் வாசற்கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. அடுக்களைக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் வீட்டாரின் கையில் இருக்கின்றன.

வீட்டாருக்கும் சபையாருக்கும்

இனி, நடைமுறைக்குரிய சில யோசனைகள்.

ஞானஸ்நானம் பெற எண்ணும் மகள், பெறுவதற்கு முன்னரே தாயாருக்குச் சொல்ல வேண்டும். பிறர் வாயாற் கேள்விப்படும் தாயின் துன்பம், சமயம் மாறியதால் உண்டாகும் துன்பத்திலும் பெரியது. ஆடி அமாவாசைக்கு என்ன செய்யலாம் என்பதைப் போதகரிடம் இன்றே வெளிப்படையாகக் கேட்டறிய வேண்டும். எல்லாச் சபைகளும் ஒரே விடை சொல்ல மாட்டா. சில சபைகள் படையற் சோற்றைத் தொடவும் கூடாது என்னும். வேறு சில, தாய்க்குச் சமைத்துக் கொடுப்பது ஒன்று, தானே படைத்து வழிபடுவது மற்றொன்று என்று பகுத்துச் சொல்லும். எந்தச் சபையிற் சேரப் போகின்றோம் என்பதை அறிய இக்கேள்வி ஒன்றே போதும். காய்கறி நறுக்கி, உலை வைத்துத் தாயாருக்கு உதவி, படைக்கும் வேளையில் உறவினர் ஒருவரைப் படைக்கச் சொல்லலாம்; அன்றைக்குத் தந்தையாரின் பெயரால் ஏழை ஒருவருக்கு உணவளிக்கலாம். மனச்சாட்சி அதற்கும் இடங்கொடாதாயின், அதனையும் மறைக்காமற் சொல்லிவிடுவதே மரியாதை.

தாயாரின் சைவச் சட்டி சைவச் சட்டியாகவே இருக்கட்டும். கிறிஸ்தவர் ஆவதற்கு மீன் உண்ண வேண்டும் என்று எந்தச் சபையும் விதிக்கவில்லை. வெள்ளிக்கிழமையில் மச்சத்தைத் தவிர்ப்பது தாயாருக்குச் செய்யும் உபசாரம். அதனால் எந்த விசுவாசமும் குறைந்துவிடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சோற்றை ஆயுதமாக்காதீர்கள். "இனி உன் கையால் தண்ணீரும் குடியேன்" என்று ஒரு தாய் சொல்லும் சொல் மகளைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவராது. வீட்டை விட்டு இன்னும் ஓரடி தள்ளிவிடும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றதை நினைத்துப் பாருங்கள். கோவில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் தங்கியவர்கள் பொதுப் பானையில் வந்ததைப் பகிர்ந்து உண்டார்கள். அன்றைக்கு யார் சமைத்தது என்று யாரும் கேட்கவில்லை. துன்பத்திற் கேளாத கேள்வியைச் சமாதான காலத்தில் சொந்த மகளிடம் கேட்பதா?

சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெல்லிப்பழையிற் பிறந்து உலகத் திருச்சபைகளிடையே புகழ்பெற்ற மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் நற்செய்தி அறிவித்தலுக்கு ஓர் உவமை கூறினார். ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் எங்கே கிடைக்கும் என்று சொல்வதே அது என்பது அவர் கருத்து. சொல்பவன் கொடையாளியல்லன்; அவனும் பசித்தவனே. இதனை மறந்து, ஒரு பெண்ணின் தாயார் வைத்த படையலைப் பேயின் உணவு என்று பழிக்கும் பிரசங்கியார், அப்பெண் தன் முதல் உணவைப் பெற்றதும் அதே கையிலிருந்துதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பில் ஆள் தொகையைக் கூட்டுவதற்காக அவளை அவசரப்படுத்துவதும் தகாது.

இளைஞருக்கும் மாணவருக்கும் இறுதியாக ஒன்று. பெருந்துக்கம், பரீட்சைப் பயம், காதல் ஆகிய மூன்றும் மனத்தை ஆளும் வேளையிலே சமயத் தீர்மானம் செய்யாதீர்கள். கலியாணத்துக்காக மட்டும் ஞானஸ்நானம் பெறுவது நம் நாட்டில் அருமையன்று. கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க அச்சபையிலேயே விசேட அனுமதி பெற வழியுண்டு. பதிவுத் திருமணமும் உண்டு. ஆகவே மாலையையும் ஞானஸ்நானத்தையும் ஒரே முடிச்சிற் கட்ட வேண்டிய கட்டாயமில்லை. முன்னதற்காகப் பின்னதைப் பெற்றவர், கலியாணக் களை தீர்ந்தபின் இரண்டு கோவிலுக்கும் அந்நியராய் நிற்பதைக் காண்கின்றோம்.

எனக்கு எழுதிய பெண்ணுக்குச் சேர் என்றோ சேராதே என்றோ நான் விடை எழுதவில்லை. அத்தீர்மானம் அவளுடையது. உன் தாயாரோடு இருந்து பேசு. இரண்டு நூல்களையும் படி. போதகரிடம் ஆடி அமாவாசையைப் பற்றிக் கேள். அதுவரையில் ஞாயிற்றுக்கிழமை போவதை மறைக்காதே. வெள்ளிக்கிழமைச் சமையலையும் குறைக்காதே என்றே எழுதினேன்.

உலையில் இட்ட அரிசியை வேகுமுன் வடித்தாலும் பழுது. வெந்தபின் வடிக்காமல் விட்டாலும் பழுது. எப்பொழுது வடிப்பது என்பதை முற்றத்தில் நின்று கூவுபவர்கள் அறியமாட்டார்கள். அடுப்பருகே நின்று, ஒரு சோற்றை எடுத்து நசித்துப் பார்ப்பவளே அறிவாள். அவளுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பது வீட்டாரின் கடமை. சபையாரின் கடமையும் அதுவே.